நாங்கள் பென்சில் என்று சொன்னது

எங்கள் வீட்டில் பென்சில் என்றால் எழுதுகிற பென்சில் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாமல் விட்டதால் எங்கள் ஊர் ஒருநாள் பட்ட பாட்டை நீங்களும் படவேண்டாம்.

என் மகள் பிறந்தபோது அவள் முதுகுத்தண்டின் அடிப்பாகம் மூடாமல் இருந்தது. கைக்குழந்தையாக இருக்கும்போதே ஆபரேஷன் செய்து மூடினார்கள். பிள்ளை பிழைத்தாள், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இடுப்புக்குக் கீழே மட்டும் உணர்ச்சி கிடையாது. சக்கர நாற்காலியில்தான் போக்குவரத்து. இது ஊருக்கே தெரியும். பஸ்ஸில் பார்த்தாலும் சந்தையில் பார்த்தாலும் எல்லோரும் காலைப் பற்றித்தான் கேட்பார்கள். "கால் எப்பம் சரியாவும்?" "வள்ளியூர்ப் பக்கம் ஒருத்தர் எண்ணெய் காய்ச்சித் தாராராமே, போய்ப் பாத்தியளா?" நானும் பதில் சொல்லிக்கொண்டே இருப்பேன். ஆனால் எங்களுக்குக் கால் ஒரு பெரிய பாடே இல்லை. பெரிய பாடு சிறுநீர்.

காலைப் போலவேதான் சிறுநீர்ப்பைக்கும் உணர்ச்சி கிடையாது. நிறைந்தாலும் தெரியாது. நிறைந்தது தானாக முழுதாக வெளியே வரவும் வராது, கொஞ்சம் ஒழுகும், மிச்சம் உள்ளேயே தேங்கும். தேங்கினால் மேலே ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று டாக்டர் சொன்னார். மூன்றாம் வகுப்பு வரை துணி கட்டித்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். ஒருநாள் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்ட மனுஷி இல்லை அவர். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்: "பக்கத்துல உக்கார மாட்டேங்குதுங்கம்மா மத்த பிள்ளைங்க. கொஞ்ச நாள் வீட்லயே வச்சுச் சொல்லிக் குடுங்களேன்." நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். என்னத்தைச் சொல்லிக் கொடுப்பேன்? அந்த வருஷம் அவள் வீட்டில் இருந்தாள். அந்த வருஷமே காய்ச்சல் வந்து, பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு கிடந்தேன்.

அங்கேதான் ஒரு நர்ஸ் சிஸ்டர் எனக்குக் குழாய் போடச் சொல்லிக் கொடுத்தார். மெலிசான குழாய், சேமியாவைவிடக் கொஞ்சம் தடிமன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அதைப் பைய உள்ளே விட்டால் தேங்கினதெல்லாம் வெளியே வந்துவிடும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை. அவ்வளவுதான். எனக்குக் கை நடுங்கியது. "நடுங்கட்டும், நடுங்கிக்கிட்டே செய்யுங்க" என்றார் சிஸ்டர். இரண்டு வருஷத்தில் என் மகள் என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுத் தானே போடக் கற்றுக்கொண்டாள். துணி போயிற்று. வாடை போயிற்று. பள்ளிக்கூடம் திரும்ப வந்தது.

குழாயை ஒரு பழைய ஜாமெட்ரி டப்பாவில் வைத்துக்கொள்வாள். வளைத்து வைத்தால் அளவாக உட்காரும். அதனால்தான் அந்தப் பேர். பேர் வைத்தவளும் அவளே. வகுப்பில் கையைத் தூக்கி, "டீச்சர், பென்சில் சீவிட்டு வாரேன்" என்பாள். டீச்சருக்குத் தெரியும். மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாது. இவள் என்ன இவ்வளவு பென்சில் சீவுகிறாள் என்று ஒரு பிள்ளை அவளுக்குப் பேனா வாங்கிக் கொடுத்ததாம். வீட்டிலும் அதே பேர் நிலைத்துவிட்டது. "ஏட்டி, பென்சில் எடுத்தியா?" "பென்சில் கழுவிப் போட்டாச்சும்மா." விருந்தாளி வந்திருந்தாலும் கூச்சமில்லாமல் பேசிக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்குக் கொஞ்சம் கிழக்கே, ஆற்றங்கரையில் இருக்கிறது. வீடு தெருவின் தாழ்ந்த கோடியில். முன்பக்கம் என் வீட்டுக்காரர் நடத்துகிற மாவு மில், பின்பக்கம் நாங்கள், மேலே ஒரு மொட்டை மாடியும் தகரக் கொட்டகையும். தெருவின் மேட்டுக் கோடியில் கோவில். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் நாங்கள் தேவாலயத்தைக் கோவில் என்றுதான் சொல்வோம், பாதிரியாரை ஐயர் என்போம், அவர் மனைவியை ஐயரம்மா என்போம். வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது.

அது கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். வீட்டு வாசல்களில் நட்சத்திர விளக்குக் கட்டியாகிவிட்டது. என் மகள் பத்தாம் வகுப்பு. அரையாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. மழை இரவெல்லாம் விடாமல் பெய்தது. அணையையும் திறந்துவிட்டார்கள் என்று பேச்சு. விடியற்காலம் நான் எழுந்து காலைத் தரையில் வைத்தேன், கணுக்கால் வரை தண்ணீர். வெளியே மழைச்சத்தத்துக்கு மேலே ஒரு சத்தம், ஆறு தெருவுக்குள் நடந்து வருகிற மாதிரி. மில்லுக்குள் மூட்டை மூட்டையாக இருந்த மாவெல்லாம் கரைந்து, வீட்டுக்குள் வந்த தண்ணீர் பால்போல வெள்ளையாக இருந்தது.

என் வீட்டுக்காரர் மகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். நான் அரிசி, அடுப்பு, வேதப்புத்தகம், போர்வை என்று கையில் அகப்பட்டதையெல்லாம் ஏற்றினேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. நான் மாடிப்படியில் நின்றுகொண்டு கீழே இருந்தவரைப் பார்த்துக் கத்தினேன்: "பென்சில் டப்பா! பென்சில் டப்பாவ எடுத்துட்டு வாங்க!"

அவர் எடுத்துக்கொண்டு வந்தார். மேசையில் பள்ளிக்கூடப் பை பக்கத்தில் இருந்த டப்பாவை. மழையில் நனைந்துகொண்டே அதைத் திறந்தேன். காம்பஸ், ஸ்கேல், அழிரப்பர், ரெண்டு பென்சில்.

"இது பென்சிலுல்லா!" என்றேன்.

"பென்சில்தான கேட்ட?"

"பென்சில் கேட்டா பென்சிலையா எடுத்துட்டு வருவிய?"

"பின்ன பென்சில் கேட்டா என்னத்த எடுப்பாவ? பொரிகடலையா?"

சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறிப்போயிற்று. மறுபடி இறங்கினார். அதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. குளியலறைத் தட்டில் இருந்த டப்பா எங்கேயோ மிதந்து போய்விட்டது. பீரோவின் கீழ்த்தட்டில் புதுக் குழாய்கள் பாக்கெட்டாக வைத்திருந்தோம். அதை எடுத்து வந்தார். அந்த பாக்கெட்டுகளுக்கு ஒரு பக்கம் காகிதம். சாக்கடையும் ஆறும் மாவும் கலந்த தண்ணீரில் காகிதம் ஊறிப் பிய்ந்து, குழாய்க்குள்ளேயே கலங்கல் போயிருந்தது. அதைப் போட்டால் அந்தத் தண்ணீரை நேரே பிள்ளையின் உடம்புக்குள் ஊற்றினது மாதிரி. அடுப்பு ஏற்றினோமே தவிர சிலிண்டரை ஏற்றவில்லை. கொதிக்கவைத்துக் கழுவவும் வழியில்லை.

முந்தின நாள் படுக்கப்போகும்போது குழாய் போட்டதுதான். காலையில் எழுந்ததும் போடவேண்டியது. நான் அவள் அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் மேடாக இருந்தது. சிறுபிள்ளையில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு டாக்டர் சொன்னது அப்படியே காதில் இருந்தது. இன்னொரு தடவை தேங்கவிட்டால் அந்தச் சிறுநீரகம் தாங்காது.

"எம்மா, எனக்கு ஒண்ணும் செய்யலம்மா" என்றாள்.

"உனக்கு எப்பவும் ஒண்ணும் செய்யாதுட்டி. அதுதான பிரச்சினையே."

பக்கத்து மாடியில் சைக்கிள் கடைக்காரர் குடும்பத்தோடு நின்றார். என்னை மதினி என்று கூப்பிடுகிறவர், நல்ல மனுஷர், தொண்டை மட்டும் மைக் செட். நாங்கள் போட்ட சண்டையில் அவருக்கு ஒரே ஒரு வார்த்தைதான் காதில் விழுந்திருக்கிறது.

"மதினி! பென்சில் இல்லன்னா அழுதிய?"

நான்தான் அழுதுகொண்டிருந்தேன். என்ன சொல்ல? வயசுக்கு வந்த பிள்ளை. மூத்திரக் குழாய் என்று மொட்டை மாடியில் நின்று ஒரு ஆம்பிளையிடம் எப்படிக் கூவுவது? "ஆமாண்ணே, பென்சில் இல்லாம முடியாதுண்ணே" என்றேன். "எப்படியாவது எங்கள மேட்டுக்குக் கொண்டு போயிருங்க, ஆஸ்பத்திரிக்குப் போவணும்." மழைச்சத்தத்தில் ஆஸ்பத்திரி என்றது மட்டும் அவருக்குக் கேட்கவே இல்லை.

அவர் அடுத்த மாடிக்குத் திரும்பினார். "ஏலே! மில்லுக்காரர் மவளுக்கு பென்சில் வேணுமாம்லே! நடக்க மாட்டாத பிள்ளை, மேட்டுக்குக் கொண்டு போவணும்!" அந்த மாடி அதற்கடுத்த மாடிக்குச் சொன்னது. மாடி மாடியாகச் சத்தம் மேட்டை நோக்கிப் போனதை நான் என் காதால் கேட்டேன். போகப்போக எங்கள் சங்கதி மாறிக்கொண்டே போயிற்று. நாலாவது மாடியில், "பரீட்சைக்குப் படிக்கப் பென்சில் கேட்டு அழுவுதாம்!" என்று ஒரு அம்மா கத்தினாள். என் மகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எம்மா, நான் ரொம்பப் படிக்கிற பிள்ளையாயிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனதுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டே இருந்தேன். எனக்கு வார்த்தை சேர்த்து ஜெபம் பண்ணத் தெரியாது. ஆண்டவரே ஒரு குழாய், ஆண்டவரே ஒரு குழாய் என்று அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ரொம்ப நேரம் கழித்துத் தெருவில் அண்டா வந்தது.

எங்கள் கோவிலில் வருஷத்துக்கு ஒருமுறை அசனம் நடக்கும். அசனம் என்றால் ஊர் முழுக்க உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அதற்குச் சோறு பொங்குகிற பெரிய அண்டாக்கள் கோவில் கிட்டங்கியில், சாமான் போட்டுவைக்கிற அறையில் இருக்கும். அதில் பெரியதை எடுத்து, வளையத்தில் கயிற்றைக் கட்டி, அசனத்துக்குச் சமைக்கிற அண்ணாச்சியும் அவர் ஆட்களும் கழுத்தளவுத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆற்றின் இழுப்பு எங்கள் தெருவில் அவ்வளவு இல்லை, தேங்கின தண்ணீர்தான். அண்டா அசைந்து அசைந்து, திருவிழா சப்பரம் மாதிரி வந்தது.

என் வீட்டுக்காரர் மாடிப்படியில் இடுப்பளவுத் தண்ணீருக்கு இறங்கிப் பிள்ளையை அதற்குள் உட்கார வைத்தார். மடங்கிய காலுக்குப் போர்வையைச் சுற்றினேன். உணர்ச்சி இல்லாத கால், விளிம்பு கிழித்தாலும் தெரியாது. பள்ளிக்கூடப் பையை அவள் மடியில் வைத்தேன். நானும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன். சைக்கிள் கடைக்காரரும் தன் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"அண்ணாச்சி, உப்புப் போட்டிராதிய" என்றாள் அவள்.

"உன்ன வேக வைக்க விறகுக்கு எங்கட்டி போவ? எல்லாம் நனைஞ்சுல்லா கெடக்கு" என்றார் அண்ணாச்சி. "ஆடாம இரி தாயி. கவுந்தா ஐயருக்கு நான் பதில் சொல்ல முடியாது. அண்டா சபைச் சொத்து."

தெரு நெடுக மாடியில் நின்றவர்கள் கையை ஆட்டினார்கள். "நல்லாப் படிட்டி!" என்று ஒரு சத்தம் வந்தது. நான் ஒரு கையால் கயிற்றையும் ஒரு கையால் அவள் வயிற்றையும் பிடித்துக்கொண்டே போனேன். வயிறு இப்போது கல் மாதிரி இருந்தது. அவள் நெற்றியில் மழைத்தண்ணீருக்கு அடியில் சூடு தெரிந்தது.

மேட்டுக்குப் போய்விட்டால் டிராக்டரோ ஜீப்போ கிடைக்கும், சேரன்மகாதேவிக்குப் போய்விடலாம் என்றுதான் என் கணக்கு. கோவில் வாசலில் ஐயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அவரிடம் முதலில் கேட்டது அதைத்தான்.

"ரோடு ரெண்டு பக்கமும் அறுத்துப் போட்டுட்டும்மா" என்றார். "பாலத்து மேல தண்ணி போவுது. போனும் எடுக்கல. தண்ணி வடியுற வர ஒண்ணும் நகராது."

 உட்கார்ந்து அழ நேரமில்லை. பிள்ளையைக் கோவிலுக்குள் தூக்கிக்கொண்டு போனோம். பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாதி ஊர் பாயில் இருந்தது. எங்கள் சபைக்காரர்கள், பிள்ளையார் கோவில் தெருக்காரர்கள், எல்லோரும். பக்கவாட்டுக் கொட்டகையில் அண்ணாச்சியின் ஆட்கள் காய்ந்த மட்டையைத் தேடிப்பிடித்துக் கஞ்சிக்கு உலை வைத்திருந்தார்கள்.

பிள்ளையைப் பாயில் சாய்த்து வைத்ததும் ஐயரம்மா ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். காணிக்கைத் தட்டு. அதில் நிறையப் பென்சில்.

ஞாயிறு பள்ளிப் பெட்டியில் இருந்த மொட்டைப் பென்சில்கள், புதுப் பென்சில்கள், கலர்ப் பென்சில், யாரோ ஒரு ஆசாரி காதில் செருகுகிற தட்டைப் பென்சில்கூட இருந்தது. வீட்டை விட்டுக் கட்டின துணியோடு ஓடிவந்த சனம், கையில் இருந்ததையெல்லாம் துழாவி ஒரு பிள்ளைக்காகப் போட்டிருக்கிறது.  வேண்டாம் என்றும் சொல்ல முடியாது, இது இல்லை என்றும் சொல்ல முடியாது.

"இந்த வெள்ளத்துலயும் படிப்ப நெனைக்கிற பிள்ளை" என்றார் ஐயர். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "எல்லாரும் கண்ண மூடுங்க. இந்தப் பிள்ளைக்காகக் கர்த்தர ஸ்தோத்திரிப்போம்."

எல்லோரும் கண்ணை மூடினார்கள். எங்கள் ஐயர் ஜெபம் தொடங்கினால் லேசில் முடிக்க மாட்டார், அது சபைக்கே தெரியும். மழைக்காக ஒரு சுற்று, அணைக்காக ஒரு சுற்று போனார். நானும் கண்ணை மூடிக்கொண்டு, யாரிடம் ரகசியமாகச் சொல்வது, ஐயரம்மாவிடமா, சொன்னாலும் அவர் குழாய்க்கு எங்கே போவார் என்று மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். ஐயர் படிப்புக்கு வந்தார். பென்சிலுக்கு வந்தார்.

அப்போது என் மகள் சத்தம் கேட்டது.

"ஐயரே, ஒரு நிமிஷம் நிப்பாட்டுங்க."

ஐயர் நிறுத்திவிட்டார். அவர் ஜெபத்தை ஒருவர் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"எல்லாரும் கண்ண மூடியே இருங்க. தெறக்காதிய. நான் ஒண்ணு சொல்லணும்."  வகுப்பில் வாசிக்கிற மாதிரிச் சொன்னாள். "எனக்கு வேண்டியது இந்தப் பென்சில் இல்ல. நாங்க அப்படிப் பேர் வச்சிருக்கோம். எனக்கு மூத்திரம் தானா வராது. ஒரு குழாய் போட்டுத்தான் எடுக்கணும். அந்தக் குழாய் வெள்ளத்துல போயிட்டு. நேத்து ராத்திரி எடுத்தது. இன்னும் எடுக்கலன்னா கிட்னி கெட்டுப் போயிரும். யாரு வீட்லயாவது இருக்குமா? மெலிசான குழாய், பாக்கெட்டுல வரும். அவ்வளவுதான் ஐயரே. ஆமென்."

 உலை கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நான் கண்ணைத் திறந்தேன். பார்த்தால் அவள் சொன்ன சொல்லுக்கு எல்லோரும் கண்ணை மூடியே இருக்கிறார்கள். சைக்கிள் கடைக்காரரின் பிள்ளைகள்கூட.

தூணுக்குப் பக்கத்தில் வாத்தியார் வீட்டம்மா உட்கார்ந்திருந்தார். கோவிலை ஒட்டின வீடு அவர்களுடையது. ரிட்டையர் ஆன வாத்தியாருக்கு மூட்டுவலி என்று கொஞ்ச காலமாகக் கோவிலுக்கு வருவதில்லை. அந்த அம்மா கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கினார்.

"எங்க வீட்ல இருக்கு."

"என்னது?" என்றேன் நான்.

"குழாய்தான். அவியளுக்கு மூட்டுவலி ஒண்ணுமில்ல. இதேதான். வயசாயி அடைச்சுக்கிட்டு." கண்ணை மூடியபடியே அந்த அம்மா சிரிக்கவும் செய்தார், அழவும் செய்தார். "நாங்க அதுக்கு மெழுகுவத்தின்னு பேர் வச்சிருக்கோம்."

"நல்ல வேள, மெழுகுவத்தி இல்லன்னு நீங்க கத்தல" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். "கரண்டு இல்லாத நேரத்துல மாடி மாடியா மெழுகுவத்தில்லா வந்துருக்கும்." சைக்கிள் கடைக்காரரின் தொண்டைதான், அடக்கிப் பேசினாலும் தெரியும். அதற்குப் பிறகு எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் எதுவும் யாரிடமும் கேட்கவேண்டி வரவில்லை. வாத்தியார் வீட்டம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் ஓடினார். அவர்கள் அலமாரியில் மேல்தட்டில் இருந்த பாக்கெட்டுகள், ஒரு சொட்டு ஈரம் படாதவை. அண்ணாச்சி உலைமூடியைத் திறந்து, "கஞ்சி நிக்கட்டும், மொதல்ல பிள்ளைக்கு" என்று கொதிக்கிற தண்ணீரைச் செம்பில் மொண்டு கொடுத்தார். ஐயர் அங்கி மாற்றுகிற அறையைத் திறந்துவிட்டார். அதன் சன்னலுக்குத் திரை இல்லை. ஐயரம்மா தன் சேலை ஒன்றைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றார்.

குழாய் எங்களுடையதைவிடக் கொஞ்சம் தடிமன், ரொம்ப நீளம். என் மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போவுமாம்மா?" என்றாள். அந்த நாள் முழுக்க அவள் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு கேள்வியில்தான். நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். "நடுங்கிக்கிட்டே செய்யுட்டி" என்றேன். அவளுக்கு அந்தக் கதை தெரியும்.

வாளியில் சத்தம் கேட்டது. நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஐயரம்மா அந்தப் பக்கம் திரும்பினபடியே, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவள் வயிற்றில் கை வைத்திருந்தேன். கல் கரைந்து வயிறு வயிறாக ஆனது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

அன்று முதல் தண்ணீர் வடிகிறவரை எங்கள் கோவிலில் ஒரு பழக்கம் நடந்தது. கஞ்சி இறக்கும் முன்னால் அண்ணாச்சி கரண்டியால் அண்டாவில் தட்டி, "வெந்நி!" என்று குரல் கொடுப்பார். முதல் செம்பு என் மகளுக்கு, இரண்டாவது செம்பு வாத்தியாருக்கு. வாத்தியார் வீட்டம்மா அதைத் தெருவோடு எல்லோரும் பார்க்கக் கொண்டுபோனார். மூட்டுவலி அத்தோடு முடிந்தது.

ரோடு திறந்ததும் டிராக்டரில் பாளையங்கோட்டைக்குப் போனோம். லேசான காய்ச்சல் இருந்தது. டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, சிறுநீரகம் ரெண்டும் நன்றாக இருக்கிறது என்றார், மாத்திரை கொடுத்தார். பெரிய குழாயைப் போட்ட கதையைச் சொன்னோம். சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள் என்றார். இனிமேல் ஒரு பாக்கெட்டை பிளாஸ்டிக் டப்பாவில் இறுக மூடி மாடியில் வையுங்கள் என்றும் சொன்னார். அதைச் செய்துவிட்டேன். இன்னொரு டப்பா கோவில் கிட்டங்கியில், அந்தப் பெரிய அண்டாவுக்குள்ளேயே இருக்கிறது. ஐயர்தான் அங்கே வைக்கச் சொன்னார். வெள்ளம் வந்தால் முதலில் வெளியே வருவது அண்டாதானே.

பள்ளிக்கூடம் திறந்தபோது அங்கேயும் முழங்கால் அளவு சேறு. வகுப்பறைகளைக் கழுவிவிட்டுத்தான் கழிப்பறை என்று சொல்லியிருந்தார்கள். அப்படியென்றால் என் மகள் மட்டும் பரீட்சைக்கு வர முடியாது. நான் தலைமையாசிரியையைப் பார்க்கப் போனேன். இந்தத் தடவை நான் தணிந்த குரலில் பேசவில்லை. "இவளுக்கு வகுப்பறை இல்லன்னாலும் மரத்தடியில எழுதிருவா. கக்கூஸ் இல்லன்னா எழுத முடியாதும்மா" என்றேன். அவர் வெளியே வந்து சொன்னதும் இவள் கூட்டாளிகள் விளக்குமாற்றை எடுத்தார்கள். நாற்காலி போகிற அந்தக் கழிப்பறைதான் பள்ளிக்கூடத்தில் முதலில் சுத்தமானது. விட்டுப்போன பரீட்சையையெல்லாம் எழுதினாள். கணக்குப் பரீட்சைக்கு நடுவில் கையைத் தூக்கி, "டீச்சர், குழாய் போட்டுட்டு வாரேன்" என்றாளாம். பென்சில் சீவுகிற வேலை முடிந்துபோயிற்று.

நான் ஒருநாள் அவளிடம் கேட்டேன். "அத்தன பேரு முன்னால எப்பிடிட்டி சொன்ன?"

"எல்லாரும் கண்ண மூடிருந்தாவல்லா. அந்த நேரம் விட்டா வேற நேரம் ஏது?" என்றாள். "ஐயரு பென்சிலுக்கு வர இன்னும் கொஞ்ச நேரம் ஆக்கிருந்தா நான் யோசிச்சு யோசிச்சுச் சொல்லாமலே விட்டுருப்பேன்."

போன மாதம் எங்கள் மில்லுக்கு ஒரு பெண் வந்தாள். மாவு அரைக்க வரவில்லை, கையில் தூக்குவாளியும் இல்லை பையும் இல்லை. ராதாபுரம் பக்கம் என்றாள். வீட்டுக்காரன் பனையிலிருந்து விழுந்து முதுகு ஒடிந்து கிடக்கிறானாம். எங்கள் ஊரில் கட்டிக்கொடுத்த அவள் சொந்தக்காரி அனுப்பியிருக்கிறாள். மில்லுக்குள் ஆட்கள் நின்றார்கள். அவள் என் பக்கத்தில் வந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"அக்கா, இங்கன ஏதோ பென்சில்ன்னு சொல்லுதாவளே. அது எங்க கிடைக்கும்?"

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டுமென்றால் கத்தித்தான் ஆகவேண்டும். நான் கத்தியே சொன்னேன். மூத்திரக் குழாய் எங்கே கிடைக்கும், என்ன அளவு, எந்த ஆஸ்பத்திரியில் எந்த வாசலில் போய்க் கேட்கவேண்டும் என்று எல்லாவற்றையும். மாவு அரைக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். யார் வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

அதற்குள் என் மகள் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, அந்தப் பெண்ணின் செல்போனில் அவள் வீட்டுக்காரனைக் கூப்பிடச் சொன்னாள். "மாமா, வெக்கப்படாதிய. நான் சொல்லுத மாதிரி மொதல்ல கையக் கழுவணும்" என்று தொடங்கி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாடம் சொல்லுகிற மாதிரி நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலும் வந்து காட்டிக்கொள்ள வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாள். அந்தப் பக்கம் அந்த மனுஷர் உம், உம் என்றுமட்டும் சொல்வது கேட்டது. பிறகு ஏதோ கேட்டார். இவள் சிரித்துவிட்டு, "பஸ்ஸுல, வயல்ல, எங்கன வேணாலும் போடலாம் மாமா. நான் அண்டாவுல போனவ" என்றாள்.

புறப்படும்போது வாத்தியார் வீட்டிலிருந்து ஆம்பிளைக்குரிய நீளக் குழாய் நாலு பாக்கெட் வாங்கி அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தேன். பிள்ளை இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டாம் வகுப்பில் ஒரு மகன், அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று இப்போது பள்ளிக்கூடம் அனுப்பவில்லை என்றாள். "இனிமே அனுப்பு" என்றேன். காணிக்கைத் தட்டில் வந்த பென்சில்கள் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கின்றன, எழுதி மாளவில்லை. அதில் நல்லதாக ஒரு கைப்பிடி எடுத்து, பாக்கெட்டோடு சேர்த்து அவள் முந்தானையில் முடிந்து விட்டேன்.